கைப்பக்குவம் இல்லாதவன் ரமணரிடம் என்ன கற்கலாம்?

அருப்புக்கோட்டை மெஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதை ஆன்மிகப் பகுதியில் போடுவதா, சமையல் பகுதியில் போடுவதா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பொதுவில் போடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் வீட்டு முன்கட்டிலேயே அப்பா 22 வருஷம் மெஸ் நடத்தினார். மதியச் சாப்பாடு மட்டும். சாதாரண நாளில் 70 இலை விழும். போன தை மாதம் அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறுகிறது. நான் பி.காம். முடித்து ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வயது 28. மெஸ்ஸை மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கூடமாட நின்ற மாஸ்டர் மாசி மாதமே வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இப்போது நான்தான் சமைக்கிறேன். அம்மா சாதம் வடித்துத் தருவார். சாம்பார், பொரியல், கூட்டு, ரசம் எல்லாம் என் கையில். ஒரு நாள் செய்த சாம்பார் மறுநாள் வருவதில்லை. திங்கட்கிழமை பருப்பு கரைந்து நன்றாக இருக்கும். வியாழக்கிழமை அதே பருப்பு தனியே, தண்ணீர் தனியே நிற்கும். 70 இலை 48 ஆகிவிட்டது. பத்து வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு லாரி ஷெட் ஆட்கள் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

அப்பா எதையும் அளந்து போட்டுப் பார்த்ததில்லை. கேட்டாலும் இப்போது அவரால் சொல்ல முடியவில்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் கைராசி, பிறவியிலேயே வரணும், உனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லாவுக்கு மேலே ரமண மகரிஷி படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அப்பா பிறந்த ஊர் திருச்சுழி, மகரிஷி பிறந்ததும் அங்கேதான், அந்தப் பற்று அவருக்கு. போன வாரம் சாப்பிட வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நான் சோர்ந்து நின்றதைப் பார்த்து, "தம்பி, அந்தப் படத்தில் இருக்கிறவரே பல வருஷம் அடுக்களையில் கரண்டி பிடித்தவர்தான், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மகரிஷி என்றால் கோவணமும் மௌனமும்தான் எனக்குத் தெரியும். வாத்தியார் சொன்னது மெய்தானா? ஒரு ஞானியைப் பார்த்து ஒருவன் தொழிலில் தேற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாற்பது எழுதியது:

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. அப்பா தேறிவர வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

ரமணரைத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஆளாக மாற்றாதீர்கள். அவர் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1896 ஜூலையில், தன் 16ஆம் வயதில், உடல் செத்தாலும் "நான்" சாகவில்லை என்று உணர்ந்த மரண அனுபவம் வாய்த்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஆறு வாரம்தான். ஆகஸ்ட் 29 அன்று ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொன்னார்கள், எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியவர். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அதற்குப் பிறகு அந்த ஊரைவிட்டு அவர் நகரவே இல்லை. "நான் இதில் கெட்டிக்காரன் ஆக வேண்டும்" என்ற எண்ணத்தில் வருகிற அந்த "நான்" யார் என்று பார்க்கச் சொன்னவர் அவர். திறமையை வளர்க்கிறவன் அந்த நானுக்கு எண்ணெய் ஊற்றுகிறான். இரண்டும் எதிரெதிர்த் திசை. சமையலை நல்ல சமையல்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள், ரமணரிடம் அவர் கொடுக்க வந்ததைக் கேளுங்கள்.

---

ஈயச்சொம்பு எழுதியது:

தம்பி, வேலூரில் ஒரு பெண்கள் விடுதிச் சமையற்கட்டில் 26 வருஷம் இருந்தவள் நான். 240 பிள்ளைகள். சேர்ந்தபோது எனக்கு வீட்டில் ஆறு பேருக்கு உலை வைத்துத்தான் பழக்கம். முதல் மாசம் ராத்திரி படுத்தால் கூரை முழுக்க அண்டாவாகத் தெரியும். அதனால் உன் எழுத்தை இரண்டு தடவை படித்தேன்.

வாத்தியார் சொன்னது மெய்தான். 1920களிலும் 30களிலும் ரமணாசிரமத்து அடுக்களையில் பகவான் (மகரிஷியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தாமே உட்கார்ந்து காய் நறுக்கினார், அரைத்தார், கிளறினார். விடியுமுன்னே அங்கே வந்துவிடுவார். அவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவரோடு அடுக்களையில் நின்ற சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் மூவரும் கணவரை இழந்து, துக்கத்தோடு அங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் சொல்லிவைத்ததில் இருந்துதான் இந்த விவரமெல்லாம் நமக்குக் கிடைத்தது.

அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுக்களை விஷயத்தில் பகவான் கண்டிப்பானவர், சொன்னதைச் சொன்னபடி கடைசி இம்மிவரை செய்ய வேண்டும், ஊகத்துக்கோ இஷ்டத்துக்கோ எங்களுக்கு இடமே இல்லை என்று சம்பூர்ணம்மாள் சொல்கிறார். யார் கால் மிதித்தாலும் பொருட்படுத்தாத மனிதர், கடுகு தாளிக்கிற விஷயத்தில் இத்தனை கண்டிப்பு. எனக்கு அது முதலில் விளங்கவில்லை. விடுதியில் சேர்ந்த மூன்றாம் மாசம்தான் விளங்கிற்று. என் தலைமை அம்மாள் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது என்னைக் கண்ணளவில் போடவே விடமாட்டார். தராசில் வைக்க வேண்டும், ஊறப்போட்ட நேரத்தைச் சுவரில் கரிக்கட்டியால் எழுத வேண்டும். எட்டு மாசம் கழித்து ஒரு நாள் தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இனிமேல் கையில் எடு" என்றார். எடுத்தேன். நிறுத்துப் பார்த்தால் பத்து கிராம்கூட வித்தியாசம் இல்லை. உன் அப்பாவும் ஒரு காலத்தில் அளந்திருப்பார், நீ பார்த்திருக்க மாட்டாய். உன் அத்தை கைராசி என்று சொல்வது இதைத்தான்.

அதனால் முதல் வேலையாக ஒரு நோட்டு போடு. நீ கணக்கு எழுதினவன், இது உனக்குக் கைவந்த கலை. பருப்பு எத்தனை கிலோ, எந்தக் கடை, எந்த மூட்டை, எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்றினாய், எத்தனை மணிக்குக் கரைந்தது, புளி பழசா புதுசா, உப்பு எத்தனை கிராம், தண்ணீர் எங்கிருந்து வந்தது. தண்ணீரை மறக்காதே. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று. இன்னொன்று: நீ அடுப்பேறியது மாசியில். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். அது வெளுப்பாக, கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், பழைய புளியின் புளிப்பு அதில் வராது. இரண்டையும் கலந்து வைத்திருந்தால் தினம் ஒரு சுவைதான்.

அடுத்தது கத்தரிக்காய்க் கதை. ஒரு சமயம் ஆசிரமத்துக்குக் கத்தரிக்காய் வந்து குவிந்துவிட்டது. நாள் கணக்கில் கத்தரிக்காய்தான். நறுக்கிப் போட்ட காம்புகளே ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. அந்தக் காம்பைக் கறி பண்ணச் சொன்னார் பகவான். மாடுகூடத் தொடாதே என்று பெண்களுக்குத் திகைப்பு. ஆனாலும் காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேகப்போட்டார்கள். ஆறு மணி நேரம் கொதித்தும் அசையவில்லை. பகவான் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்க, நாங்கள் ஆணியையல்லவா வேகவைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சம்பூர்ணம்மாள் சிரித்துச் சொன்னாராம். அவர் ஒன்றும் பேசாமல் கரண்டியை வாங்கிக் கிளறிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் காம்பு மெத்தென்று ஆகிவிட்டது, கறியும் அமிர்தமாக இருந்தது. அவருடைய மகிமை என்று பக்தர்கள் சொல்வார்கள், நானும் கைகூப்புகிறேன். ஆனால் அடுக்களைக்காரியாக என் கண் போவது அந்த ஆறு மணி நேரத்தின் மேல். இது வேகாது என்று ஒருத்தியும் அடுப்பை அணைக்கவில்லை பார்.

சிந்திய அரிசியைத் தரையில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறவர் அவர். காகிதத்தில் எழுதாத ஓரம் இருந்தால் அதைக் கத்தரித்து எழுத வைத்துக்கொள்வார். கிழிந்த துண்டை முள்ளை ஊசியாக்கி, அந்தத் துண்டிலேயே நூல் உருவித் தைத்துக்கொண்டார்.

அவருடைய அம்மா அழகம்மாள் மலைமேல் வந்து மகனோடு இருந்தபோது அப்பளம் இட ஒரு நாள் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். பகவான் மாவு பிசையப் போகவில்லை. அப்பளப் பாட்டு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேதாந்தப் பாட்டுத்தான். ஆனால் உளுந்தைத் திரிகையில் உடைப்பது, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம், உலக்கையால் இடிப்பது, பலகையில் இடுவது, நெய்யில் பொரிப்பது என்று ஒரு படி விடாமல் வரும். அதைப் பார்த்துக்கொண்டு நீ அப்பளமே இடலாம். அம்மா இட்டதைச் சின்ன வயதில் எத்தனை கூர்ந்து பார்த்திருந்தால் இது வரும் என்று யோசி.

நாற்பது ஐயா, நீங்கள் சொன்ன "நான்" விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் அவர் கற்றுக்கொண்டதை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1897இல் குருமூர்த்தத்தில் இருந்தபோது, பணிவிடைக்கு வந்த பழனிசுவாமி மலையாளத்துக்காரர். தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறினார். அவர் படும் பாட்டைப் பார்த்து, பகவான் அந்த நூல்களைத் தாம் படித்துச் சாரத்தைச் சொன்னார். வேதாந்த நூல் படிப்பு அவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. பழனிசுவாமியின் மலையாளப் புத்தகத்துக்காக மலையாள எழுத்தையும் பழகிக்கொண்டார். சமஸ்கிருதமும் பள்ளியில் படித்தது அல்ல, வந்தவர்கள் கேட்கக் கேட்க வந்தது. 1927இல் பக்தரும் புலவருமான முருகனார் வேண்டிக்கொண்டதால் உபதேச உந்தியார் 30 பாடல் தமிழில் செய்தார். பிறகு மற்றவர்களுக்காக அதையே தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே செய்தார். நாலு மொழி! அதில் மூன்று, பள்ளியை விட்டு ஓடிவந்த பையன் மலையில் இருந்துகொண்டு சம்பாதித்தது.

தமக்குத் திறமை வேண்டும் என்று இதில் எதையாவது கற்றாரா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆள் நிற்கிறான். தம்பி, உன் எழுத்தில் "எனக்கு வருமா, எனக்கு வராதா" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த லாரி ஷெட் ஆட்கள் ஆறு பேரைப் பற்றி எழுதின வரியில் மட்டும்தான் நீ அவர்களைப் பார்த்தாய். அந்த வரியைப் பிடித்துக்கொள். பந்தி முடிந்ததும் இலை எடுக்கிற வேலையை ஒரு வாரம் நீயே செய். எந்த இலையில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார். விடுதியில் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்ததில் பாதி அந்த எச்சில் இலைகள்தான். பொரியல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தால் ஒன்று உப்பு, இல்லை நறுக்கின அளவு.

ஊர்ப் பாசத்தில் இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலூர் வூர்ஹீஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பலன் கருதாமல் வேலை செய்வது என்றால் என்ன என்று பகவானிடம் கேட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லோருமாக மலைமேல் நடந்தார்கள். வழியில் கிடந்த முள் கொம்பு ஒன்றைப் பகவான் எடுத்து உட்கார்ந்தார். முள்ளை ஒவ்வொன்றாகச் சீவினார். கணுக்களைத் தேய்த்தார். சொரசொரப்பான இலையால் முழுக் கொம்பையும் இழைத்தார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். முள் கொம்பு வழவழவென்று ஊன்றுகோல் ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியில் தன் கோலைத் தொலைத்துவிட்டு வாடிப்போய் நின்ற இடையப் பையன் ஒருவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

கடைசியாக, அப்பாவைப் படுக்கையில் வைத்திருக்காதே. வைத்தியர் சம்மதித்தால் காலையில் கொண்டுவந்து அடுக்களைத் திண்ணையில் உட்காரவை. இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? மொச்சை உரிக்கக் கொடு.

---

தூக்குக்குண்டு எழுதியது:

ஈயச்சொம்பு அம்மா எழுதியதைப் படித்தபிறகு சமையலில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். என் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அண்ணாமலை சுவாமி 1928இல் ரமணாசிரமத்துக்கு வந்தவர், இளம் வயது. கட்டட வேலை தெரியாது. அவரிடம்தான் கட்டட மேற்பார்வை போய்ச் சேர்ந்தது. கோசாலை, சாப்பாட்டுக்கூடம், வேத பாடசாலை, மருந்தகம், மலையில் இருந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கிற கற்சுவர், இதெல்லாம் அவர் நின்று பார்த்த வேலை. திருவண்ணாமலை போகிறவர்கள் இன்றைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பகவான் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து பார்ப்பார். அன்றன்று நடந்ததை அண்ணாமலை சுவாமி போய்ச் சொல்வார், மறுநாள் செய்ய வேண்டியதைப் பகவான் சொல்வார். கடினமான இடம் வந்தால் எப்படிச் செய்வது என்று விளக்குவார். வேலை தெரியாத ஆள் அப்படி நாள் நாளாகக் கற்றுக்கொண்டே கட்டி முடித்தார்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு முதல் சைட்டுக்குப் போனபோது வரைபடம் முழுக்கத் தலைக்குள் இருந்தது. ஆனால் ஒரு தூண் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெரியாது. தூண் வார்க்கிற பலகைப் பெட்டி சாய்ந்திருந்தது, கவனிக்காமல் கலவை ஊற்ற விட்டுவிட்டேன். மறுநாள் பலகையைப் பிரித்தால் தூண் முக்கால் அங்குலம் வெளியே. உடைத்துத் திரும்பப் போட்டோம். அந்த மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. "நாளையிலிருந்து தினமும் காலையில் தூக்குக்குண்டு உன் கையில்தான்" என்று மட்டும் சொன்னார். ஒரு மாசம் அதை மட்டும் செய்தேன். நூலைக் கட்டி விட்டுவிட்டுக் குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நமக்கு அவசரம் இருக்கிறது என்பதற்காக அது சீக்கிரம் நிற்காது. காற்று அடித்தால் இன்னும் நேரம். அந்த ஒரு மாசத்துக்குப் பிறகு தூக்குக்குண்டு போடும் முன்னாலேயே சாய்வு கண்ணில் படத் தொடங்கியது.

தம்பி, சாம்பார், பொரியல், கூட்டு, ரசம் நாலையும் ஒன்றாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் பருப்பைக் கரையவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது கைக்கு வந்தபிறகு புளி. மற்றதெல்லாம் அதுவரை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

---

நாற்பது எழுதியது:

ஈயச்சொம்பு அம்மா, அந்தக் கொம்புக் கதை எனக்கு முன்பே தெரியும். பலன் கருதாமை என்ற பாடமாகத்தான் இத்தனை நாளும் படித்திருக்கிறேன். அந்தக் கொம்பு நன்றாகவும் இருந்தது என்பதில் என் கவனம் போனதே இல்லை. கொடுத்துவிடப் போகிற கொம்புதானே என்று ஒரு கணுவைக்கூட அவர் தேய்க்காமல் விடவில்லை. திறமையும் அவர் காட்டிய வழியும் எதிரெதிர்த் திசை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். 48 இலை திரும்பவும் 70 ஆகும் நாளில் இந்தப் படத்தை மறந்துவிடாதீர்கள். கடினமானது அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

---

அருப்புக்கோட்டை மெஸ் எழுதியது (23 நாள் கழித்து):

அம்மாவுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். எழுதும்படி ஏதாவது இருந்தால்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நோட்டு போட்டேன். மூன்றாம் வாரத்தில்தான் கண்டுபிடித்தேன் அம்மா. தண்ணீர்! எங்கள் தெருவில் நகராட்சிக் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்றும் மறுநாளும் அந்தத் தண்ணீரில் சமைப்போம். தீர்ந்தால் போர்த் தண்ணீர். அது உப்பு, துணியில் சோப்புகூட நுரைக்காது. நோட்டில் "தண்ணீர்" என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனால், பருப்பு கரையாத நாள் எல்லாம் போர்த் தண்ணீர் நாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அப்பா எப்படிச் சமாளித்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறதே, அது பருப்புக்கு மட்டும் அப்பா குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம் என்றார். அவர் படுத்த பிறகு நான் அதில் பழைய சாக்கைப் போட்டு வைத்திருந்தேன். கழுவி எடுத்தேன். இப்போது இரண்டு கிலோ பருப்பும் ஒரே மாதிரி கரைகிறது. போர்த் தண்ணீரில் வைக்கிற கூட்டுக்கு உப்பு குறைத்துப் போட வேண்டும் என்பதும் நோட்டிலேயே தெரிந்துவிட்டது.

புளியும் நீங்கள் சொன்னபடிதான். இரண்டு டின்னாகப் பிரித்துவிட்டேன்.

இலை எடுக்க ஆரம்பித்ததும் முதல் இரண்டு நாள் சங்கடமாக இருந்தது. சாப்பிடுகிறவர்களும் நீ ஏன் எடுக்கிறாய் என்று கேட்டார்கள். முட்டைக்கோஸ் பொரியல் பாதி இலையில் அப்படியே கிடந்தது. நான் நறுக்கினதைப் பார்த்தால் தண்டும் இலையும் ஒன்றாகப் பெரிது பெரிதாக இருக்கிறது. தண்டைத் தனியே எடுத்துக் கூட்டுக்குப் போட்டுவிட்டு மற்றதைப் பொடியாக அரிந்தேன். அரிவாள்மனையில் மூன்று கோஸ் அரிய முதல் நாள் ஒண்ணேகால் மணி நேரம் ஆயிற்று. நேற்று 35 நிமிஷம்.

அப்பாவை வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரவைத்தோம். மொச்சை சீசன் இல்லை, அதனால் சின்ன வெங்காயம் கொடுத்தேன். முதல் நாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இடது கையாலேயே நாலு வெங்காயம் உரித்தார். நான் அவசரத்தில் தட்டை வாங்கி மீதியை உரிக்கப் போனேன், தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. இப்போது தினமும் ஒரு கிலோ உரிக்கிறார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை ஆகும். அந்த வெங்காயத்துக்காக நான் சாம்பாரைப் பத்து மணிக்கு மேல்தான் கூட்டுகிறேன். தாளிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். கடுகு வெடித்து முடியும் முன் கறிவேப்பிலை போடப் போனால் தட்டில் விரலால் தட்டுகிறார். இன்னும் பொறு என்று அர்த்தம்.

நேற்று 56 இலை. லாரி ஷெட் ஆட்கள் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் ஷெட்டுக்குப் போய், "மாஸ்டர் போனபிறகு சாம்பார் சரியில்லைதான், இப்போது சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வந்தேன். வருகிறோம் என்று ஒரு அண்ணன் சொன்னார்.

அம்மா, ஒரு சந்தேகம். வெண்டைக்காய்ப் பொரியல் மட்டும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ஆறு கிலோ. பெரிய இரும்புச்சட்டியில் ஒன்றாகப் போட்டு மூடிவைக்கிறேன். எண்ணெய் போதவில்லையா?

---

ஈயச்சொம்பு எழுதியது:

அந்த டிரம்மைப் பற்றி எழுதினதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன் தம்பி. அப்பா தட்டை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை. வெங்காயத்துக்காக நீ பத்து மணிவரை காத்திருப்பது ரொம்பச் சரி. அதை மாற்றாதே.

வெண்டைக்காய்க்கு எண்ணெய் போதும். முந்தின ராத்திரியே கழுவித் துணியில் பரப்பிவிடு, ஈரத்தோடு அரிவாள்மனைக்குக் கொண்டுபோகாதே. ஆறு கிலோவையும் ஒன்றாகப் போட்டால் அடியில் இருப்பது வதங்காது, அவியும், அதனால்தான் கொழகொழப்பு. மூன்று ஈடாகப் பிரித்து வதக்கு. மூடவே மூடாதே. அடிக்கடி கிளறாதே. கொழகொழப்பு அடங்குகிறவரை உப்பு போடக் கூடாது, இறக்கும்போது போடு. முதல் ஈட்டில் மோர் இரண்டு கரண்டி தெளித்துப் பார், வித்தியாசம் தெரிந்தால் நோட்டில் எழுது.

ஆறின ஈட்டைச் சூடான ஈட்டின்மேல் கொட்டாதே, தனித்தனித் தாம்பாளத்தில் பரப்பிவை. அந்த லாரி ஷெட் அண்ணன் வருகிற அன்றைக்கு வெண்டைக்காய் வைக்க வேண்டாம். உனக்கு நன்றாக வருகிற கோஸ் பொரியலையே வை.